உரசும் சக்கரமும் அக்காவின் வீம்பும்

மார்ச் 3
அகலமான டயர் மாட்டியதிலிருந்து என் காருக்கு என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்பக்கம் ‘கர்ர்ர்’. இன்று அக்காவை செக்கப்புக்கு அழைத்துப் போனேன். திருப்பத்துக்குத் திருப்பம் அதே சத்தம். நிறைமாதக்காரி இறங்கி நின்று சொல்லிவிட்டாள்: “பிரசவத்துக்கு நடந்துகூட போவேன், இதுல ஏற மாட்டேன்டி.” மாமா வெளியூரில். நான் கூட்டிப் போகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே!

மார்ச் 5
எங்கே உரசுகிறது? டயரின் உள்பக்கம் சாக்பீஸைத் தேய்த்து, தெருவில் இரண்டு வட்டம் அடித்தேன். ஷாக் அப்சார்பரில் வெள்ளைத் தடம். அப்படியானால் சக்கரத்தைச் சற்று வெளியே தள்ளினால் போதும். அதற்கு ஸ்பேசர் இருக்கிறது: சக்கரத்துக்குப் பின்னால் வைக்கிற வட்டத் தகடு.

மார்ச் 8
நானே மாட்டினேன். சத்தம் போச்சு! தலைகால் புரியவில்லை.

மார்ச் 9
பெருமையடித்துக்கொள்ள மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.
“நட்டு எத்தன சுத்து புடிச்சுது?”
“மூணு... மூணரை.”
அவர் சிரிக்கவில்லை. “தகடு தடிமன், போல்ட்ட முழுங்கிடுச்சு. எட்டு சுத்தாவது புடிக்கணும்மா. இல்லன்னா சக்கரம் ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவ.”
நேற்று அம்மாவை இதில்தானே ஏற்றிக்கொண்டு— ஏன் எண்ணிப் பாக்கல? சத்தம் போனதும் குதிச்சேனே, சக்கரம் நிக்குமான்னு யோசிச்சேனா? அவசரக் குடுக்கை. காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன்.

மார்ச் 14
என் தடித் தகடு குப்பைக்குப் போனது. பாதி கனத்தில், நடுவில் ஆட்டமில்லாமல் கச்சிதமாக உட்காரும் தகடு வந்தது. போல்ட்டுகளும் நீளமானவை. என்னையே முடுக்கச் சொன்னார், எதிரெதிர் நட்டாக, சரியான இறுக்கம் வந்ததைச் சொல்லும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்னும் வரை. சுற்றுகளைச் சத்தமாக எண்ணினேன். ஒன்பது!

மார்ச் 16
பாரம் ஏற்றினால் வெளிப்பக்கம் உரசுமோ? அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுத் தம்பதி எல்லோரையும் அடைத்துக்கொண்டு வேகத்தடைகளில் ஏறி இறங்கினேன். அப்பா ஜன்னலில் காதை வைத்து, “ஒண்ணும் கேக்கல” என்றார். அம்மா, “உங்களுக்கு எப்ப கேட்டுச்சு?” சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

மார்ச் 19
புதுத் தகட்டோடு நூறு கிலோமீட்டர் ஓடியாயிற்று. நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் தளரவில்லை.

மார்ச் 24
காலையில் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், அந்த மூன்று சுற்று உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன்.
“இப்ப எத்தன?”
“ஒன்பது.”
செருப்பை மாட்டிக்கொண்டாள். “எடு வண்டிய. வலி ஆரம்பிச்சு அரை மணி ஆவுது.”

மார்ச் 28
அக்காவின் மகளோடு வீடு திரும்பினோம். வாசலில் பிரேக் போட்டேன்.
“நிறுத்தாதடி, இப்பத்தான் கண்ணசந்தா. இன்னொரு ரவுண்டு போ,” என்றாள் அக்கா.
ஆறு ரவுண்டு போனேன்.