டவுன் பேங்க் கதவில் ஒட்டிய உத்தரவு

ரெட்டிபாளையம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தென்றலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஒரு வாரமாக நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து வீட்டுச் செல்லமுத்து செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டான். இதயத்தில் அடைப்பு. திருச்சி ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். அவன் மனைவி இருசம்மாளின் சேமிப்பு முழுவதும் மருதங்கரை டவுன் பேங்க்கில். யாரும் பணம் எடுக்கக்கூடாது என்று உங்கள் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டு, அதைக் கதவில் ஒட்டியிருக்கிறார்களே, அதே பேங்க்தான். ஆபரேஷனுக்கு என்று மனுக் கொடுத்தோம். மனு மேலே போனது. அவனால் காத்திருக்க முடியவில்லை. என்னாலும் கொடுத்து உதவ முடியவில்லை. நம் பணமும் அங்கேதான் கிடக்கிறது.

முன்பு இந்த மாதிரிக் கூட்டுறவு பேங்க்கை மாநில அரசு பாதி, நீங்கள் பாதி என்று பார்த்தீர்கள். சட்டம் மாறி முழுதும் உங்கள் கைக்கு வந்த பிறகுதானே இயக்குநர்கள் சொந்தக்காரர்களுக்கே கடனை வாரிக் கொடுத்தது வெளியே வந்தது? அந்தச் சட்டம் இன்னும் பத்து வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

தெருவில், "ரிசர்வ் பேங்க்ல பொண்ணு இருக்கு, இவங்க முன்னாடியே பணத்த எடுத்துருப்பாங்க" என்கிறார்கள். அம்மா பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு காட்டக் கிளம்பினாள். இழவு விழுந்த வீட்டுக்கு எதிரில் நம் நஷ்டத்தையா காட்டுவது என்று தடுத்துவிட்டேன்.

செல்லமுத்துவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போகும்போது இருசம்மாள் என்னிடம் சொன்னாள்: "பொங்கலுக்கு வந்தப்ப பாப்பாகிட்ட கேட்டேங்க, பேங்க்குல போட்டது பத்திரமா இருக்கும்லன்னு. பதில் சொல்லாம எந்திரிச்சு உள்ள போயிட்டுது. எனக்குத்தான் புரியல."

நீ எங்களுக்கும் சொல்லவில்லை. உங்கள் ஆபீஸில் விஷயம் தெரிந்தவர்கள் அவரவர் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனால் முதலில் கேட்டவன் எடுத்துப் போவான், கடைசி ஆள் தெருவில் நிற்பான். எனக்குப் புரிகிறது. ஆனால் அதை இருசம்மாளிடம் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று அவளே வந்தாள். "பாப்பாவக் காரியத்துக்கு வரச் சொல்லுங்க, திட்டமாட்டேன்" என்றாள். சொன்னபடி இருப்பாளோ, மாட்டாளோ, தெரியாது.

எப்படியும் வந்துவிடம்மா. அவள் திட்டினால் திட்டட்டும். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
வைத்திலிங்கம்