எடைச் சீட்டின் முன்பக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? கிடங்குக்குச் சரக்கு வருவது குறைந்துவிட்டது. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுப்பா" என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். லீவு மாதிரிதான். என் இடுப்பு வலிக்கும் நல்லதாகப் போயிற்று.

பாப்பா அப்பா

மார்ச் 14

என்னங்க,

பள்ளிக்கூடத்தில் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம். முதலில் லீவு என்றீர்கள், அப்புறம் ஓய்வு, போன கடிதத்தில் "சும்மாதான் இருக்கேன்". ஓய்வு என்று போட்டால் உங்களுக்கு அறுபது வயதா என்று சிரிப்பார்கள். சும்மா இருப்பவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என்ன எழுதட்டும்?

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 22

பாப்பா அம்மாவுக்கு,

எடை குமாஸ்தா என்றே எழுது. இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். நாலு படி ஏறி இறங்குவதும் வேலைதானே! அலைச்சலில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது வீட்டுக்கு வரத் தோதுப்படாது. வெறுங்கையோடு வந்து நின்றால் ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள்.

பாப்பா அப்பா

ஏப்ரல் 2

என்னங்க,

கழித்துப் போட்ட எடைச் சீட்டின் பின்பக்கத்தில்தான் எப்போதும் எனக்கு எழுதுவீர்கள். நான் முன்பக்கத்தை முதலில் படிப்பேன். இன்றைக்குச் சர்க்கரை, இன்றைக்குச் சிமென்ட் என்று தெரிந்துகொண்டால் உங்கள் பக்கத்திலேயே நிற்பதுபோல இருக்கும். கடைசி நாலு கடிதத்திலும் முன்பக்கத்தில் ஒரே தேதி, ஜனவரி 19. அன்றைக்கே உங்களை அனுப்பிவிட்டார்கள், இல்லையா? வரும்போது ஒரு கட்டுச் சீட்டை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

வேலை போனதற்கு எனக்குக் கோபமில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து வார்த்தை தேடியிருக்கிறீர்களே, அதற்குத்தான் ஆத்திரம். கட்டத்தில் "வேலை இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாதான் கேட்டாள்: "வேலை இல்லேன்னா அப்பா ஏம்மா வீட்டுக்கு வரல?"

அப்பாவையே கேட்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

ஏப்ரல் 9

பாப்பா அம்மாவுக்கு,

இது கடையில் வாங்கிய தாள். முன்பக்கத்தில் ஒன்றுமில்லை, தேடாதே.

எனக்கு வேலை போய்விட்டது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பாப்பா கேட்டதற்கு நீ பதில் சொல்லாதே. நானே வந்து சொல்கிறேன்.

பாப்பா அப்பா