எண்ணெய் குடித்த படிகள்

மார்ச் 4, திங்கள்

மாடிப்படியின் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நேற்று அடித்த வெள்ளைப் பெயிண்ட் பாலாடை மாதிரி உரிந்து வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்துவிடுவார். என்ன செய்யப் போகிறேன்?

"படியெல்லாம் ஒரே கருப்பா இருந்தா எது எங்க முடியுதுன்னு அவருக்குத் தெரியாதும்மா. ஓரத்துல வெள்ளை அடிச்சிடுங்க" என்றார் கண் டாக்டர். போன மாதம் இவர் இந்தப் படியில்தான் உருண்டு விழுந்தார். கண் ஆபரேஷன் முடிந்து இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். பார்வை எவ்வளவு திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வருஷம் தவறாமல் தன் கையாலேயே எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த படிகள். மரத்துக்குப் பெயிண்ட் அடிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

மார்ச் 5

பெயிண்ட் கடைக்காரம்மா சிரித்துவிட்டார். "எண்ணெய் குடிச்ச மரங்க அது! மேல எதைப் பூசினாலும் நிக்காது. மொதல்ல டர்பன்டைன் போட்டுத் துடைங்க. அப்புறம்தான் உப்புத்தாள். இல்லன்னா எண்ணெயைத் தேய்ச்சுத் தேய்ச்சு உள்ளேயே அனுப்பிடுவீங்க."

கடையை விட்டு இறங்கும்போது கூப்பிட்டு, "அந்தத் துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க. தானாவே தீப்பிடிச்சுக்கும்" என்றார்.

வந்ததும் துடைக்க ஆரம்பித்தேன். துணிகளைப் பின்பக்கக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டிருக்கிறேன். போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

மார்ச் 6

துடைக்கத் துடைக்கத் துணி தேன் நிறமாகிறது. பிறகு உப்புத்தாள், சோப்புத் தண்ணீர். காய்ந்ததும் கடைக்காரம்மா சொன்னபடி தண்ணீர் தெளித்தேன். முத்து முத்தாக மேலேயே நின்றது. எண்ணெய் இன்னும் போகவில்லை. மறுபடியும் முதலிலிருந்து — முழங்கால் கழன்றுவிடும் போலிருக்கிறது.

நடுவில் அவர் போன். "என்ன, இப்படி மூச்சு வாங்குது?"

"ஒட்டடை அடிச்சேன்."

ஏன் பொய் சொன்னேன்?

மார்ச் 7

தண்ணீர் பரவி மரத்துக்குள் ஊறியது! நன்றாகக் காயவிட்டு, பொழுது சாய்வதற்குள் பிரைமர் அடித்துவிட்டேன்.

மார்ச் 8

காலையிலேயே வெள்ளை அடித்தாயிற்று. மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "நீயே சொல்லிடும்மா. வந்து பார்த்ததும் அப்பா அதிர்ச்சியாயிட்டா?"

பார்த்து அதிர்ச்சியானால் பரவாயில்லையே. பார்க்கவே முடியலன்னா என்னடி பண்றது? அவளிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அவரிடம் சொல்லிவிட்டேன்.

"முழுப் படியுமா?"

"ஓரம் மட்டுந்தாங்க."

போனை வைத்துவிட்டார்.

மார்ச் 9

சுரண்டிப் பார்க்கப் பயம். பார்த்தேன். உரியவில்லை. அவர்தான் இன்று முழுக்கப் போன் பண்ணவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கறுப்புக் கண்ணாடி, இளைத்த முகம். படிக்கட்டின் கீழே நின்று கண்ணாடியைக் கழற்றினார். மகளின் கையை விலக்கினார்.

ஏறினார். ஒவ்வொரு விளிம்பிலும் நின்று, குனிந்து, பிறகு அடுத்த கால். மகள் பின்னாலேயே போனாள், தொடாமல்.

மேலே போய்த் திரும்பி நின்றார்.

"ஒரு படியில பெயிண்ட் வழிஞ்சு நிக்குது. தேய்ச்சுட்டு இன்னொரு கோட்டு அடிக்கணும்."

"எந்தப் படிங்க?" என்றேன்.

அங்கிருந்தே விரலை நீட்டிக் காட்டினார். போய்ப் பார்த்தேன். அந்தப் படிதான்.