வால்வுக்குள்ள வளர்ற ரத்தக்குழாய்

மார்ச் 3

என் தலைவி அக்காவுக்கு,

உன் இங்கிலீஷ் ஆராய்ச்சிக் கட்டுரையை முழுசாப் படிச்சிட்டேன்! டிரான்ஸ்லேட் ஆப், யூடியூப் வீடியோ, இன்டர்நெட் ஃபோரம்ல ஒரு பெரிய சண்டை, எல்லாம் சேர்த்துத்தான். சுகர் இருக்கறவங்களுக்கு இதய வால்வு கெட்டா ஒரு புரதம் ஏறுது, அது புது ரத்தக்குழாய் வளர்க்குதுன்னு எழுதியிருக்க பாரு, துள்ளிட்டேன். நம்ம அப்பாவுக்கும் சுகர், வால்வு ரெண்டும்! அப்போ உடம்பே ரிப்பேர் வேலையை ஆரம்பிச்சிடுச்சுல்ல?

இன்னிக்கு ஹார்ட் டாக்டர்கிட்ட நேராக் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பாக்காம "வால்வை மாத்தியே ஆகணும்"ங்கிறார். "எங்க அக்கா என்ன எழுதியிருக்கா தெரியுமா?"ன்னேன். சிரிச்சார்க்கா. சிரிச்சார்! ஃபைலைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். "பெரியவ எழுதுனா சரியாத்தான் இருக்கும்"னு அப்பா ஆபரேஷனையே கேன்சல் பண்ணிட்டார். அந்த டாக்டருக்கு நறுக்குனு ஒரு மெயில் போடு.

உன் நம்பர் ஒன் ரசிகை,
சுண்டெலி

மார்ச் 4

சுண்டெலி,

யாரைக் கேட்டுடி கேன்சல் பண்ணுனீங்க? நல்ல வால்வுல ரத்தக்குழாயே இருக்கக் கூடாது. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசா இருக்கணும். அதுல குழாய் வளர்ந்தா தடிச்சு, சுண்ணாம்பு படிஞ்சு, கல்லாயிடும். அந்தப் புரதம் ஏறுனா கெட்டது. ரிப்பேர் இல்ல.

அப்பா படி ஏறும்போது பாதியில நிக்கறார்ல? நாளைக்கே தேதி வாங்கு. டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேளு.

அக்கா

மார்ச் 6

அக்கா,

கேட்டேன். வர்ற வியாழன் தேதி குடுத்திருக்காங்க. சந்தோஷமா?

இப்போ என் முறை. நான் தப்பாப் படிச்சேன், சரி. நீ எப்போ சரியாச் சொன்ன? அப்பாவுக்கு இருக்கற அதே நோயைத்தான் வருஷக்கணக்கா மைக்ரோஸ்கோப்புல பாக்கற. வீட்டுக்கு போன் போட்டா மட்டும் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா", அவ்வளவுதான், டொக்குனு வச்சிடற. உலகத்துக்கே கட்டுரை எழுதறவளுக்கு எங்களுக்கு நாலு வரி எழுதத் துப்பில்லையா?

இப்போ அப்பா ஆபரேஷனுக்கு வரவே மாட்டேங்கிறார். ஊர் பூரா தண்ணிக்குழாய்க்கு வால்வு மாத்துன மனுஷன், தன்னோடதுல கை வைக்க விடமாட்டாராம்! "நேத்து வளருதுன்ன, இன்னிக்குக் கல்லுங்கற. என்னை வச்சு விளையாடறியா? பெரியவ சொல்லட்டும்"ங்கிறார். நான் ரசிகர் மன்றத்தைக் கலைச்சாச்சு. நீயே பேசிக்க.

பேர் போட மனசில்லை

மார்ச் 7

(சுண்டெலி, இதை அப்பாவுக்குச் சத்தமா வாசி.)

அப்பா,

லேப்ல எனக்கு வர்ற வால்வு எல்லாம் ஆபரேஷன்ல எடுத்துப் போட்டது. அது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது, அதனால தைரியமாப் பாக்கறேன். உங்க ஸ்கேனைப் பாத்தப்போ அந்த தைரியம் போயிடுச்சு. அதான் போன்ல மாத்திரையைப் பத்தி மட்டும் பேசுனேன்.

உங்க வால்வு தானா சரியாகாது. மூச்சு வாங்கறது அதனாலதான். ஆபரேஷன்ல பயமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். விட்டா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும், அதை நீங்க படக் கூடாது. லீவு போட்டாச்சு, செவ்வாய்க்கிழமை வர்றேன். எத்தனை தடவை கேட்டாலும் உக்காந்து சொல்றேன்.

சின்னவளைத் திட்டாதீங்க. என் கட்டுரையைக் கடைசிவரை படிச்சவ நம்ம வீட்டுல அவ ஒருத்திதான்.

பெரியவ

மார்ச் 8

அக்கா,

வாசிச்சேன். "இன்னொரு தடவை படி"ன்னார். படிச்சேன். எழுந்து போய் ஷேவிங் செட்டை ஆஸ்பத்திரிப் பையில போட்டுக்கிட்டார்.

உன்மேல கோபம் போகல. வா, நேர்ல வச்சுத் திட்டணும்.

சுண்டெலி