அம்மாவின் வயிறு நலம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதையே கொஞ்சம் திருத்தி எழுதுகிறேன். அம்மாவின் வயிறு நலம். உன் நலத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை, தினமும் வீடியோவில் பார்க்கிறேன். பளபளவென்று இருக்கிறாய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் இருக்கும் ஒரே போன் அம்மாவுடையது. காதில் வைத்துப் பிடிக்க முடியாததால், மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். அவளுக்குத் தெரியாமல் அதில் எதையும் சொல்ல முடியாது. மெசேஜ் அனுப்பினால் நீ ஒரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவாய். நேரில் எனக்கு வாயே வராது. சட்டைக் கம்பெனியில் என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கையில் பேனா இருந்தால் நான் வேறு ஆள் என்பது அவர்களுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, இப்போது தெரிந்துகொள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உன் வீடியோவில் வரிசை மாறிப்போயிருக்கிறது.

அம்மாவுக்கு முடக்குவாதம் என்று தெரிந்ததும் டாக்டர் இரண்டு மாத்திரை கொடுத்தார். ஒன்று வாரம் ஒருமுறை, நோயைக் கட்டுக்குள் வைக்க. இன்னொன்று வலிக்கு. அம்மா அந்த வலி மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு விழுங்கிவிட்டுக் கம்பெனிக்கு ஓடுவாள். அப்போதுதான் விரல் மடங்கும், பட்டன் தைக்க முடியும். கொஞ்ச நாளில் வயிறு எரிய ஆரம்பித்தது. உப்புசம், ஏப்பம், படுத்தால் தொண்டை வரை புளிப்பு. எரிச்சல் தாங்காமல் வலி மாத்திரையை அவ்வப்போது விட்டாள், விரல் மடங்காமல் கம்பெனிக்குப் போவதும் நின்றது. அந்த நேரத்தில்தான் நீ ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாய்.

நீ செய்ததில் பாதி நல்லதுதான். பொரித்ததை நிறுத்தினாய், நேரத்துக்குச் சாப்பிட வைத்தாய், மதியம் தயிர், காலையில் கஞ்சி. குடலுக்கு நல்ல கிருமி அடைத்த அந்தக் கேப்ஸ்யூலையும் ஆரம்பித்தாய். வயிறு அடங்கியது. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. டாக்டரும் சாப்பாட்டைப் பற்றி ஏறக்குறைய அதையே சொல்லியிருந்தார். என்ன, அவர் பின்னணியில் இசை போடவில்லை.

மீதிப் பாதிதான் உன் சொந்தச் சரக்கு. மாத்திரைதான் வயிற்றைக் கெடுக்கிறது, குடலைச் சரிசெய்துவிட்டால் மூட்டு தானாகச் சரியாகிவிடும் என்றாய். எந்த மாத்திரை என்றுகூட நீ பார்க்கவில்லை. இரண்டையும் குப்பைக்கூடையில் போடச் சொல்லி வீடியோ எடுத்தாய். வெளிச்சம் சரியில்லை என்று கேமரா பிடித்த உன் வீட்டுக்காரர் சொன்னதும், அட்டையைக் கூடையிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்து மறுபடி போடச் சொன்னாய். விளக்கைத் தூக்கிப் பிடித்தது நான். குடல்தான் இரண்டாவது மூளை என்று அதில் அழகாகச் சொல்கிறாய். முதலாவது அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை.

அதே வீடியோவில், தங்கைக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால் அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருக்கிறாள் என்றும் சொல்லியிருக்கிறாய். படிப்பு ஏறியது அக்கா. அம்மாவின் இடத்துக்கு ஆள் வராவிட்டால் அந்த ஸ்டூலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்பதால் நான் போய் உட்கார்ந்தேன். காலர் பட்டன் முழுக்க இப்போது என்னிடம்தான்.

வீடியோவின் கடைசியில் அம்மா டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி மோர் குடிக்கிறாளே, அதற்குக் கீழே ஒருவர், எவ்வளவு பணிவாக ஏந்துகிறார்கள் பாருங்கள், சாப்பாட்டுக்குக் கொடுக்கும் மரியாதை இதுதான் என்று எழுதியிருக்கிறார். நீ அதற்கு இதயம் போட்டிருக்கிறாய். விரல் மடங்காதவள் டம்ளரை வேறு எப்படிப் பிடிப்பாள்?

இப்போது அதையும் பிடிப்பதில்லை. காலையில் குழாயைத் திருக முடியவில்லை, நான்தான் திறந்துவிடுகிறேன். தலை வாரிவிடுகிறேன். கரண்டியை முஷ்டியில் பிடித்துச் சாப்பிடுகிறாள். விரல் கணுக்கள் வீங்கிப் பளபளக்கின்றன. உன் கேப்ஸ்யூல் டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டே திருக வேண்டும் அல்லவா, அது அவளால் ஆகாது. வேலைக்குக் கிளம்பும் முன் நான் திறந்து ஒன்றைத் தட்டில் எடுத்து வைக்கிறேன். மூட்டைச் சரிசெய்யும் கேப்ஸ்யூலை வெளியே எடுக்கவே நல்ல மூட்டு வேண்டியிருக்கிறது. இதை வைத்து ஒரு வீடியோ போடேன்.

அம்மா வர மறுத்ததால் டாக்டரிடம் நான் மட்டும் போனேன். தயிர் சாப்பிடட்டும், அந்தக் கேப்ஸ்யூலும் வேண்டுமானால் இருக்கட்டும், எனக்கு அதோடு சண்டை இல்லை என்றார். வலி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம், சாப்பிட்ட பிறகு போடலாம், வயிற்றுக்குக் காவலாக இன்னொன்று தரலாம். ஆனால் வார மாத்திரையை விட்டிருக்கவே கூடாது, உடனே அழைத்து வா, ரத்தம் பார்த்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், விரல் ஒருமுறை கோணிவிட்டால் பிறகு நிமிராது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உனக்குப் பேச வராதா என்று கேட்டார். வரும் என்றேன். அங்கே நான் பேசியது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அத்தனை பேரு பார்த்திருக்காங்கடி. இப்ப நான் திரும்ப மாத்திரை போட்டா, உங்கக்கா பொய் சொன்ன மாதிரி ஆகிடாதா?"

நீ பொய்க்காரி ஆகக் கூடாது என்பதற்காக அவள் கை போகிறது. அவளுக்கு இருக்கும் அந்தப் பயத்தில் கால்வாசிகூட உனக்கு இல்லை.

போன வாரம் வேலை முடிந்து வந்து சமையலறையில் கால் வைத்ததும் ஊசி ஏறிவிட்டது. குனிந்து பார்த்தால் அடுப்புக்குக் கீழே இன்னும் இரண்டு கிடந்தன. பக்கத்தில் நுனி எச்சில் பட்டுக் கசங்கிய நூல். அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அவள் குளிக்கப் போனபோது உன் மெசேஜைப் பார்த்தேன். அடுத்த மாதம் வரும்போது இரண்டாவது வீடியோ எடுக்கலாம், அம்மா ஊசியில் நூல் கோத்து ஒரு பட்டன் தைப்பதுபோல, பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் இல்லாத நேரத்தில் அவள் பழகிக்கொண்டிருக்கிறாள். விழுந்த ஊசியை எடுக்க முடியாமல் காலால் அடுப்புக்குக் கீழே தள்ளியிருக்கிறாள்.

பரீட்சைக்கு நீயே ராத்திரி பகலாக இப்படிப் படித்ததில்லை.

நான் உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, உனக்கு அது பழக்கமில்லை. வீடியோவை எடுத்துவிடு என்றும் கேட்கவில்லை. தப்பு என்னோடது, மாத்திரை போடும்மா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் சின்னப் பிள்ளை பேச்சு, டாக்டர் சொன்னால் வெளியாள் பேச்சு. நீ சொன்னால் உடனே கிளம்பிவிடுவாள். இந்த உலகத்தில் உன் பேச்சை முழுசாக நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான், மற்றவர்கள் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள்.

இதை எழுதும்போது அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கு என்று கேட்டாள், உனக்கு என்றேன். முகம் மலர்ந்துபோனது. கை நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொன்னாள். மாப்பிள்ளையை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நூல் என்ன கலர்ல இருந்தா கேமராவுல பளிச்சுனு தெரியும்னு அக்காகிட்ட கேட்டு எழுதும்மா" என்றாள்.

கேட்டு எழுதிவிட்டேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம், போன் போட்டு அவளிடமே சொல். ஸ்பீக்கரில்தான் போடுவாள், நானும் பக்கத்தில் இருப்பேன்.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறாள். கையைத் தூக்கித்தான் சொன்னாள். பாதி வரைக்கும்தான் வந்தது.

இப்படிக்கு,
உன் தங்கை