வாசலில் நின்ற பசு

ஐப்பசி 14, வியாழன்.

இன்று காலை பால்கார முனியம்மாவின் பசுவும் கன்றும் மட்டும் அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வந்தன. அவள் வரவில்லை. தினமும் வீடு வீடாக ஓட்டிவந்து, தண்ணீர் கலக்கவில்லை என்று தெரிய எங்கள் கண்ணெதிரிலேயே கறந்து தருவாள். அந்தப் பழக்கத்தில் பசு தானாகவே எங்கள் வாசலில் நின்று கத்தியது. மடி கனத்துப் பால் சொட்டியது. கன்றின் வாய்க்கூடையைக்கூட யாரும் கழற்றவில்லை. குடிக்க முடியாமல் மடியை முட்டிக்கொண்டே இருந்தது.

"என்னங்க, அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு. போய்ப் பாருங்க," என்றாள் என் மனைவி.

"பிளேக்கா இருந்தா? சர்க்கார் ஆளுங்க நம்ம வீட்டையும் பூட்டி, எல்லாரையும் ஊருக்கு வெளியே பிளேக் கேம்புக்கு ஓட்டிடுவாங்க. கதவைச் சாத்து."

சொல்லிவிட்டு நானே தாழ்ப்பாள் போட்டேன். பசு அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கும் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு அதற்கடுத்த வீட்டில். தெருக்கோடி வரை அந்தச் சத்தம் கேட்டது.

பொழுது சாயும்போது இரண்டும் எங்கள் வாசலுக்கே திரும்பிவிட்டன. பசு இன்னும் கத்துகிறது. அவள் குடிசைப் பக்கம் யாரும் போகவில்லை.

நேற்றுக் கறக்கும்போதே அவள் இரண்டு முறை நிறுத்தி, பசுவின் மேல் சாய்ந்துகொண்டாள். "ஜுரமா இருக்குது சாமி. யாராண்டயும் சொல்லிடாதீங்க," என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.