மூன்று தட்டு, இரண்டு தட்டு

8 ஜூன் 2003, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதலில் ஹெட்ஃபோனைத்தான் மாட்டினேன். பல் விளக்கியது அதற்குப் பிறகுதான். கப்பலில் ட்ரம்ஸ் வாசிக்கும் சித்தப்பா மகன் க்ளென் ஹவானாவில் வாங்கி அனுப்பிய சிடி. பதினோரு நாளாக அதன் நான்காவது பாட்டிலேயே நிற்கிறேன். முன்னால் ராப், பின்னால் ஜாஸ் ட்ரம்பெட், அடியில் கியூபாக்காரர்கள் சடங்குகளில் அடிக்கிற பழைய தோல் மேளம். மூன்றும் எப்படி ஒன்றோடொன்று முட்டாமல் போகின்றன?

இன்று பிடிபட்டது. இரண்டு மரக்கட்டைகளைத் தட்டும் சத்தம்தான். ஒரு பாரில் மூன்று தட்டு, அடுத்த பாரில் இரண்டு. நாலு எண்ணிக்கை ஒரு பார். இரண்டு பார் சேர்ந்தால்தான் ஒரு சுற்று. பியானோ, பாஸ், பேசுகிறவனின் சொல், எல்லாமே இந்த ஐந்து தட்டுக்குக் கட்டுப்பட்டவை.

பூசையில் ஆர்கன் வாசிக்கும்போது கால் தானாக அதையே தட்டியது. ஃபாதர் திரும்பிப் பார்த்தார்.

19 ஜூன், வியாழன்

போன வாரம் தம்பி நோயல் மாடிக்கு வந்தான். அவன் பேண்டுக்குக் கல்யாண வரவேற்பு அலுத்துவிட்டதாம். "நீ கேக்கறியே, அந்த மாதிரி ஒண்ணு நமக்குப் போட்டுக் குடுக்கா." நாற்பத்தாறு வயதில் எனக்கு வந்த முதல் அழைப்பு. பள்ளியில் கெமிஸ்ட்ரி லேப் எடுத்துவிட்டு வந்து எட்டு நாளில் எழுதிவிட்டேன். மெட்டு, பாஸ், ட்ரம்பெட், எல்லாம். ராப் மட்டும் இளவேனில் எழுதினாள். பெங்களூருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஏதோ கம்பெனியில் ஷிஃப்ட் வேலை செய்கிற பெண். வாயைத் திறந்தால் தமிழ் துள்ளுகிறது.

6 ஜூலை, ஞாயிறு

ரெக்கார்டிங். பியானோ நான். ஒரே டேக்.

20 ஜூலை, ஞாயிறு

எங்கள் பதிவு தேர்வாகிவிட்டது. கியூபாவிலிருந்து ஒரு குழு அடுத்த மாதம் பெங்களூர் வருகிறது. அவர்கள் மேடையேறும் முன் எங்கள் பேண்ட் வாசிக்க வேண்டும். நோயலின் மனைவி மௌரீன் கேக் வெட்டினாள். தேர்வுக்கு நாங்கள் அனுப்பிய சிடியின் உறையை இன்றுதான் பார்த்தேன். "இசை: நோயல்." அவசரத்தில் அடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் அவனிடம் கேட்கவில்லை?

27 ஜூலை, ஞாயிறு

மேடையில் பியானோ ஹரிஷாம். ஐடி கம்பெனிப் பையன், இருபத்தேழு வயது.

சாப்பிடும்போதுதான் நோயல் சொன்னான், தட்டைப் பார்த்துக்கொண்டே. "உன்னைவிட நல்லா வாசிக்கிறவங்க இல்லக்கா, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பொண்ணு முன்னாடி ராப் போடும்போது, பின்னாடி நீ உக்காந்திருந்தா... பூசைக்கு வந்த மாதிரி இருக்கும்."

மௌரீன் சிரித்துவிட்டு, பிறகு இருமினாள்.

நான் என்ன சொன்னேன்? ரசம் வேணுமான்னு கேட்டேன். ரசம்! எனக்கு வாயே இல்லையா?

ஹரிஷுக்கு நானே விரல் விரலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அதற்கும் தலையாட்டினேன்.

9 ஆகஸ்ட், சனி

ஒத்திகை. ஆரம்பம் நீளமாக இருக்கிறதென்று நோயல் ஒரு பாரை வெட்டிவிட்டான். பதினைந்து வருடக் கல்யாணப் பழக்கம். மணப்பெண் வாசலுக்கு வந்துவிட்டால் ஒரு விரலைத் தூக்குவான். எல்லோரும் ஒரு பாரைத் தாண்டிப் பல்லவிக்குக் குதிப்பார்கள். கல்யாணப் பாட்டில் அது யாருக்கும் தெரியாது. இதில் ஒரு பார் போனால் மூன்று தட்டு வரவேண்டிய இடத்தில் இரண்டு வரும். கடைசிவரை எல்லாமே தலைகீழ்.

சொன்னேன். "யாருக்குக்கா தெரியப்போகுது" என்றான்.

ஒருத்திக்குத் தெரிந்தது. இளவேனில் மூன்று தடவை தடுமாறிவிட்டு என் பக்கம் வந்தாள். "மேடம், எங்க போட்டாலும் வார்த்த உக்கார மாட்டேங்குது. என் தப்பா?" அவள் தப்பில்லை என்றேன். அதற்கு மேல் பேச விடவில்லை, நோயல் கூப்பிட்டுவிட்டான்.

23 ஆகஸ்ட், சனி

ஏழாவது வரிசையில் உட்கார்ந்து என் பாட்டைக் கேட்டேன். வெட்டினது வெட்டினபடியே. ஹரிஷின் கை சரியாகத்தான் ஓடியது, சுற்றின் தவறான பாதியில். இளவேனில் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். கூட்டம் கைதட்டியது. நோயல் சொன்னது சரிதான், யாருக்கும் தெரியவில்லை.

பிறகு மேடைக்குப் பின்னால், கியூபாக் குழுவின் பியானோக்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும், குண்டு மனிதர், சட்டையெல்லாம் வேர்வை. அந்த வயதும் உடம்பும் அவர் மேடையில் உட்காருவதற்குக் குறுக்கே நிற்கவில்லை. மொழிபெயர்க்க ஒரு பெண் கூட இருந்தாள். நாங்கள் அனுப்பிய பதிவைத் தன் ஊரிலேயே கேட்டாராம். அதில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்ததாம், இன்று புரண்டு கிடந்ததாம். இதை எழுதியவர் யார், அவரோடு பேச வேண்டும் என்றார்.

நோயல், "நான்தான்" என்றான்.

நான் அவனுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அவன் கிடாரை என் கையில் கொடுத்து வைத்திருந்தான்.

அப்படியானால் அந்த பாரை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். இவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கிடாரைப் பார்த்தேன். பெரியவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

பம்பாயில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அக்டோபர் பதினொன்று. ஆறு புதுப் பாட்டு வேண்டும். "இந்தத் தடவை ஒரு பார்கூடத் தொடமாட்டேன், ப்ராமிஸ்க்கா" என்றான் நோயல். மேடையில் பியானோ யார் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மௌரீன் முந்திக்கொண்டு, ஹரிஷுக்கு லீவு கிடைத்துவிட்டது என்றாள்.

சரி, எழுதுகிறேன் என்றேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

இரண்டு வாரமாக மாடியில் விளக்கு எரிகிறது. கீழே எல்லோரும் சத்தம் போடாமல் நடக்கிறார்கள். காலையில் நோயல் காபி கொண்டுவந்தான். அவன் எனக்குக் காபி கொண்டுவந்ததே கிடையாது. எவ்வளவு ஆச்சு என்று கேட்டான்.

"நாலு முடிஞ்சுது. ரெண்டுதான் பாக்கி."

தாளைக் காட்டு என்று கேட்கமாட்டான், அவனுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. போன தடவையும் கடைசி வாரத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டித்தான் கற்றுக்கொண்டான்.

ஒன்றுகூட எழுதவில்லை. எழுதப் போவதுமில்லை. கடைசி வாரம் அவன் வந்து நிற்கட்டும். தலைக்குள் ஆறும் இருக்கின்றன, முழுசாக, ட்ரம்பெட் உட்பட. அங்கேயே இருக்கட்டும்.

மத்தியானம் இளவேனில் போன் செய்தாள். பம்பாயை அவள் பார்த்ததே இல்லையாம். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டாளாம், அம்மா புதுச் செருப்பு வாங்கித் தந்தாளாம். "இந்தத் தடவ வார்த்த உக்காரும்ல மேடம்?"

அவளிடமும் சொல்லவில்லை.